வீரபத்திரனின் மரப்பாடிக் கார்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த வீரபத்திரன் எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடமாட்டார். நாற்பத்தெட்டில், இந்தியாவிலிருந்து வந்த வம்சத்தாரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்து, 'நீ இந்த நாட்டுக்காரன்தானா, காட்டு பார்ப்போம்' என்று அரசாங்கம் கேட்ட நாளிலிருந்து அப்படி ஆகிவிட்டார். கடை வாடகைச் சீட்டு, மகள் ரத்னாவின் பிறப்புச் சான்றிதழ், அம்மை குத்திய துண்டுச்சீட்டு என்று எல்லாவற்றையும் கட்டிக் கட்டி வைத்திருந்தார். தனக்கும் மனைவி ஜெயலெட்சுமிக்கும் மகளுக்கும் சேர்த்துப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டு, மூன்று வருஷமாக விசாரணைக்குக் காத்திருந்தார். மனுஷன் சும்மா இருக்கக் கூடாதா? அந்த நேரம் பார்த்து ஒரு காரை வாங்கித் தொலைத்தார்.

சீமைக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விற்ற வண்டி அது. முன்பாதி சாதாரணக் கார். பின்பாதியில் துரை தன் வேட்டை நாய்களை ஏற்றிப் போக மரத்தால் பாடி கட்டி, பின்னால் இரட்டைக் கதவு வைத்திருந்தார். நாய்கள் படுத்த இடத்தில் வீரபத்திரன் ஒரு பெஞ்சைப் போட்டு மெத்தை தைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் அதில் ஏறி அட்டனுக்குப் படம் பார்க்கப் போகும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் 'கார்' என்றுதான் இருந்தது. துரை ஓட்டிய வரைக்கும் அது எந்தப் பொலிஸ்காரன் கண்ணையும் உறுத்தவில்லை. வீரபத்திரன் ஓட்டியதும் உறுத்திவிட்டது, பாருங்கள்!

ஆடி மழையில் ஒருநாள் வளைவில் பொலிஸ்காரர்கள் மறித்தார்கள். இது காரே இல்லை, சரக்கு வேன், இதில் குடும்பத்தை ஏற்றுவது குற்றம் என்றார்கள். பத்தாம் நாள் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, வண்டியைப் பரிசோதனைக்கு நுவரெலியாவுக்குக் கொண்டுவரச் சொன்னது. மற்றது, அடுத்த மாதம் பிரஜாவுரிமை விசாரணை என்றது.

ஜெயலெட்சுமிதான் முதலில் கேட்டாள். "கேஸுன்னு ஒன்னு விழுந்துட்டா மனுவே போச்சுன்னு பேசிக்கிறாங்களே, நெசமாங்க?"

"யாருக்குத் தெரியும்? அட்டன்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சாம்."

"அந்தச் சனியன வித்துத் தொலைங்க."

"இப்ப வித்தா, குத்தம் செஞ்சவன் ஒளிக்கிறான்னு சொல்லுவாங்க புள்ள."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. துணி கிழிக்கும்போது அளவு தப்பியது. கடைவாசலில் காக்கிச் சட்டை தெரிந்தாலே எழுந்து நின்றுவிடுவார்.

போர்டு எழுதும் முத்துலிங்கம்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். வண்டி வாங்கினால் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கதவில் பேர் எழுதுவது கடைவீதி வழக்கம். வீரபத்திரன் வேலை மும்முரத்தில் அதைச் செய்யாமல் விட்டிருந்தார்.

"பேரெழுதாம ஓட்டுனீங்க மொதலாளி. கண்ணு பட்டுருச்சு."

அதற்கு மேல் யோசிப்பாரா? பரிசோதனைக்கு முந்தின நாள் காலையில் பூசை நடந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் வெள்ளை எழுத்தில் 'ப. வீரபத்திரன், நோர்வூட்' என்று தமிழிலும் இங்கிலீசிலும் எழுதியாயிற்று. கடைப் பலகையில்கூடச் சாமி பேர்தான் இருந்தது. தன் பேரையும் ஊரையும் இப்படிப் பெரிதாக, சேர்த்து, அவர் அதுவரை பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டார்.

நுவரெலியாவில் பரிசோதகர் சாவகாசமாகப் பார்த்தார். பின்கதவைத் திறந்தார், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார். 'கார் என்றே வைத்துக்கொள்ளலாம்' என்பதுபோலத் தலையை ஆட்டினார். வீரபத்திரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பரிசோதகர் பக்கவாட்டுக்கு வந்து நின்றார்.

"இத யாரு எழுதினது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தாங்க ஐயா எழுத வச்சேன். நேத்துத்தான்." பெருமையாகத்தான் சொன்னார், பாவி மனுஷன்.

"சரக்கு வேனுக்குத்தான் பக்கத்துல பேரும் ஊரும் எழுதணும். அது சட்டம். சொந்தக் காருக்கு எவன் எழுதுவான்? வேன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே, முதலாளி."

"ஐயா, அது சாமிக்கு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் பரிசோதகர் 'வேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இரண்டு வாரத்தில் வழக்கு முடிந்தது. குற்றவாளி என்றார்கள். அபராதம் சின்னத் தொகைதான். கட்டிவிட்டு, அந்த ரசீதையும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

விசாரணைக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். பன்னிரண்டு வயது ரத்னா இஸ்கூல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். எங்கே பிறந்தாய் என்று கேட்டால் டிக்கோயா ஆசுபத்திரி என்று சொல்ல வேண்டும், எங்கே படிக்கிறாய் என்றால் பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். தாயையும் மகளையும் வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி பேரைக் கேட்டார். அடுத்து, "கேஸ் ஏதும் இருக்கா?" என்றார்.

பொய் சொல்ல வீரபத்திரனுக்கு வரவில்லை. "ஒன்னு இருக்குங்க ஐயா. வண்டி கேஸ்."

அதன்பிறகு அதிகாரி அதையேதான் குடைந்தார். வேன் என்று தெரிந்தும் ஏன் கார் புத்தகத்தில் ஓட்டினாய், எத்தனை மாதம் ஓட்டினாய், யார் யாரை ஏற்றினாய் என்று கேட்டுக் கேட்டு ஒரு பக்கம் முழுக்க எழுதினார். கொண்டுபோன காகிதங்களை வீரபத்திரன் மேசைமேல் வைத்தார். ஒன்றையும் பிரிக்காமல் அதிகாரி அவர் பக்கமே தள்ளிவிட்டு, பதில் தபாலில் வரும், போகலாம் என்றார்.

வராந்தாவுக்கு வந்த புருஷன் முகத்தைப் பார்த்ததுமே ஜெயலெட்சுமிக்குப் புரிந்துவிட்டது. ரத்னாதான் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அப்பா, என்னையப் பத்தி என்ன கேட்டாங்க?"

"ஒன்னுங் கேக்கலம்மா," என்றார் வீரபத்திரன். "வேனப் பத்தித்தான் கேட்டாங்க."