நான்காவது துண்டு

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இரும்போடு பழகியவன் நான். ஆவி, வேண்டுதல் எதையும் நம்பியதில்லை. தாங்கள் ஐயுற்றால் வருந்தவும் மாட்டேன்.

என் பேத்தி குறைமாதத்தில் பிறந்தாள். இரண்டாம் வாரத்தில் குடலின் ஒரு பகுதி அழுகிவிட்டது. தாம்பரத்தை அடுத்த ஒரு மருத்துவமனையில் அதனை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். குழந்தை மலம் கழித்தால்தான் குடல் வழிவிட்டதாகப் பொருளாம். ஆறு நாளாகியும் கழியவில்லை. மாலைக்குள் கழியாவிடில் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும், அதை அவள் தாங்குவது சந்தேகம் என்றார் டாக்டரம்மா.

காத்திருப்போர் கூடத்தில் மற்ற தாய்மார்கள் ஒற்றை ரூபாயைத் துணியில் முடிந்து தத்தம் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். என் மகளும் முடியப் போனாள். நான்தான் தடுத்தேன்.

பகல் இரண்டு மணி. என் பழைய வேட்டியைத் துவைத்து, குழந்தைக்கென நான்காகக் கிழித்து மடித்த துண்டுகள் மடியிலிருந்த பையில் கிடந்தன. வெளித்துணி கூடாது என்று நர்ஸ் முன்பே மறுத்தும், வீட்டில் வைத்துவர மனம் வரவில்லை. அப்போது பச்சைச் சேலை உடுத்த ஆயா ஒருத்தி எதிரே வந்து நின்றாள்.

"இன்னா பெருசு, மூஞ்ச தூக்கி வச்சிகினு குந்திகினு கீற? உன் பேத்தி வெளிக்கி போய்ட்சு. துணி குடு."

'பெருசு' என்றதில் உண்டான கோபமும் மறந்து ஒரு துண்டைக் கொடுத்தேன். குழந்தைகள் வார்டுக்குள் போனாள். நான் எழுந்து கதவைத் தட்டினேன்.

"யார் சார் சொன்னது? இன்னும் போகல," என்ற நர்ஸ், நான் விடாது வாதிடவே சலிப்போடு திரும்பிச் சென்றார். பத்து நிமிடத்தில் ஓடி வந்தார். "இப்பத்தான் சார், என் கண் முன்னாடியே போனா!"

"அந்த ஆயா?"

"இன்னிக்கு ஆயாவே லீவு சார்."

நாற்காலிக்குத் திரும்பிப் பையைத் திறந்தேன். நான்கு துண்டுகளும் இருந்தன. நான்காவது ஈரமாக, மஞ்சள் கறையோடு இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நாணயம் முடியப்பட்டிருந்தது. அதைத் தான் முடிந்து வைக்கவில்லை என்று மகள் குழந்தையின் மேல் ஆணையிட்டாள்.

பேத்திக்கு இப்போது மூன்று வயது. ராஜகீழ்ப்பாக்கத்து வீடு முழுவதும் ஓடித் திரிகிறாள். அந்த முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. நேர்ந்தது யார், எந்தத் தெய்வத்துக்கு, என்ன செலுத்துவதாகச் சொல்லி? கேட்க ஆளில்லை. தெருவில் பச்சைச் சேலை கண்டால் பேத்தியின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறேன்.

எனக்குப் பின் அவள் அறிய வேண்டும். இக்கடிதத்தை எறிந்துவிடாமல் அவளுக்காக வைத்திருக்க வேண்டுகிறேன்.