பள்ளிவாசல் மைக்கில் இரண்டு குரல்கள்

போன வாரம் லீவில் சாய்ந்தமருதுக்குப் போயிருந்தேன். பிற்பகல் அஸர் தொழுது முடித்துச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் தலைவர் என் கையைப் பிடித்தார். கடும் காற்று வருகிறது, யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்திருக்கிறதாம். யாராவது இறந்த மௌத்து அறிவித்தலோ, காணாமல்போன மாடோ... எங்கள் ஊரில் எல்லாமே பள்ளிவாசல் மைக்கில்தான். பாங்கு சொல்லும் மோதினாருக்கோ அன்று தொண்டை கட்டியிருந்தது.

"நீங்க ரேடியோவில நியூஸ் வாசிக்கிற ஆள்தானே... வாங்க, நீங்களே சொல்லுங்க."

பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

"அன்பார்ந்த மீனவ சகோதரர்களுக்கு ஓர் அவசர அறிவித்தல். பலத்த காற்று வீசக்கூடும் என எதிர்பார்க்கப்படுவதால்..." ஒரு பிசிறில்லை. கொழும்பு ஸ்டூடியோவாக இருந்தால் முதுகில் தட்டியிருப்பார்கள்.

இந்தக் குரல் சும்மா வந்ததா? வாப்பா கரைவலை இழுத்த கூலியில் படித்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, 'பிறகு' என்பதற்கு ஊர் வழக்கில் 'மறுகா' என்று சொல்லிவிட்டேன். ஸ்டூடியோவே சிரித்தது. அன்றிலிருந்து வாயைத் திறந்தாலே பயம் — எங்கே ஊர் வெளியே வந்துவிடுமோ என்று. பஸ்ஸில் உம்மா போன் எடுத்தால்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பேன்.

வெளியே வந்து கடற்கரையைப் பார்த்தேன். வானம் கறுத்துக் கிடக்க, மீன்பிடிப் போட்டுகள் கடலில் இறங்கிக்கொண்டிருந்தன! முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு போட்டைத் தள்ளுகிறவன்... என் தம்பி நிசார். அவன் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மச்சான்! ஆரும் திரும்பியும் பாக்கல்ல. பள்ளியில ரேடியோவப் போட்டு உட்டிரிக்காங்க எண்டு நினைச்சிட்டாங்க! இவர் போனையும் ஊட்ட வெச்சிட்டுப் போயிட்டார். நம்மட ஆக்கள் கதைக்கிற மாதிரிக் கதைங்களன்!"

ஓடிப்போய்த் தடுக்கும் தூரமில்லை. உள்ளே ஓடி மறுபடி மைக்கைப் பிடித்தேன்.

"டேய் நிசார்! போட்டத் தள்ளாதடா! காத்து வருகுதாம்டா! அல்லாஹ்வுக்காக எல்லாரும் கரைக்கு வாங்க... மறுகா போகலாம்! உசிரு இருந்தா மறுகா போகலாம்!"

என் குரல் உடைந்து ஊர் முழுக்கக் கேட்டது. வாப்பா கத்துவதைப் போலவே இருந்தது.

போட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பொழுது சாய்ந்து தொழும் மஃரிபுக்கு முன்பே காற்று வந்துவிட்டது. கரையில் இழுத்து வைத்த போட்டையே புரட்டிப் போட்ட காற்று.

யார் சிரித்தாலும் இனி என் பேச்சை விழுங்கப் போவதில்லை. பயம் போய்விட்டதா என்கிறீர்களா? இல்லை. பயந்து பயந்துதான் பேசுவேன்... ஆனால் பேசுவேன்.

இடுப்பில் நனைந்த சாரத்தோடு வந்த நிசார் கேட்டான்: "காக்கா, நீங்க கத்தினதாலதான் நிண்டம். அதுக்கு முதல் நியூஸ் வாசிச்சது ஆரு?"

"தெரியாது தம்பி... ஆரோ கொழும்புக்காரன் போல!"