ரெண்டு சாவிக்கும் ஓடும் என்று சொன்ன அப்பாஸ் பாய்

அப்பாஸ் பாய் போய்விட்டார்.

கோரிப்பாளையத்தில் கார் சாவி போடும் கடை வைத்திருந்தாரே, அவர்தான். பக்கத்து சீட் கவர் கடை அண்ணன் காலையில் போன் பண்ணினார். "பாய் மவுத்தாயிட்டாரும்மா. நேத்தே அடக்கம் முடிஞ்சிருச்சு. உன் நம்பர் இப்பத்தான் கெடச்சுச்சு." ஹார்ட் அட்டாக்காம்...

ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாவிக் கடைக்காரருக்கா இம்புட்டு அழுகை என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி பிரபு வீட்டை விட்டுப் போனது உங்களில் பல பேருக்குத் தெரியும். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அன்று காலை காரை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் கார் மட்டும் ஆரப்பாளையத்தில், ஒரு லாட்ஜ் வாசலில் பூட்டிக் கிடந்தது.

இருந்த ஒரே சாவி அவனிடம். ஸ்பேர் சாவியை எப்போதோ தொலைத்த புண்ணியவதி நான்தான்.

லாட்ஜ்காரர் வண்டியை எடு, எடு என்று சத்தம் போட்டார். யாரோ பாய் நம்பரைக் கொடுத்தார்கள். ஒரு பையும் சின்ன மெஷினுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"ஆர்சி புக்கு இருக்கா தங்கச்சி? அதைப் பாக்காம தொட மாட்டேன்."

எனக்கு இருந்த எரிச்சலில், "என்னையப் பாத்தா கார் திருடி மாதிரியா இருக்கு?" என்றேன்.

"திருட வாரவுகளும் உங்களை மாதிரித்தான் இருக்காக" என்றார். சிரிக்கவே இல்லை.

கதவைத் திறந்தார், சாவியை வெட்டினார். அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கிற வழியாக இல்லை. சாவிதான் வெட்டியாச்சே, இன்னும் என்ன என்று கேட்டேன்.

"வெட்டுன இந்த இரும்பு, கதவை மட்டுந்தான் தொறக்கும் தங்கச்சி. சாவித் தலைக்குள்ள அரிசி கணக்கா ஒரு சிப்பு இருக்கு. ஸ்டார்ட் பண்ணும்போது வண்டி அதுகிட்ட, நீ நம்ம ஆளான்னு கேக்கும். மெமரில பேரு இல்லேன்னா இன்ஜின் ஓடாது."

அதுவரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார்.

"அப்ப எம் மகன்கிட்ட இருக்குற சாவி? அவன் வந்தா இந்த வண்டி ஓடுமாய்யா?"

பாய் அம்மாவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

"ஓடும்மா. ரெண்டுக்கும் ஓடும்."

அந்த ஒரு சொல்லில்தான் அம்மா மூன்று வருஷமாக உயிரோடு இருக்கிறார். செல்லூர்ச் சந்துக்குள் அந்தக் கார் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. அவன் எப்போது வந்தாலும் எடுக்க வசதியாக, முன்பக்கம் தெருவைப் பார்த்து நிறுத்தச் சொல்வார். வாரம் ஒருமுறை நான் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டும்.

போலீஸ் புகார் கிணற்றில் போட்ட கல். சொந்தக்காரர்கள் "பிரபு நல்ல பையனா இருந்தான்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இருந்தானாம்...

பாய் மட்டும்தான் என் ஸ்கூட்டி கடையைத் தாண்டும் போதெல்லாம் கேட்பார். "தம்பி வந்துட்டாரா?" இன்னும் வரலை பாய் என்பேன். "வருவாரு" என்பார்.

போன ஆடியில் அம்மாவுக்குத் தெரியாமல் காரை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். வாங்குகிறவர் இரண்டு சாவி வேண்டும் என்றார். இன்னொன்று போடப் பாயிடம் போனேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையில் எடுத்த மெஷினைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"வித்துருங்க தங்கச்சி. அந்தச் சாவிக்கு இது ஓடாது. எல்லாச் சாவியும் தொலைஞ்சா, இந்த மாடல்ல மெமரில பழைய பேரை அழிச்சாத்தான் புதுசை ஏத்த முடியும். அன்னைக்கே அழிச்சுட்டேன். தம்பி வந்தா கதவு தொறக்கும், உள்ள உக்காரலாம்... இன்ஜின் எடுக்காது."

"அப்புறம் ஏன் பாய் ஓடும்னு சொன்னீங்க?"

"அந்த அம்மா மூஞ்சியப் பாத்து வேற என்ன சொல்லச் சொல்றீக?"

என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நடுரோட்டில் நின்று கத்தினேன். பொய்க்காரன் என்றேன். எங்கள் அம்மாவை வைத்து விளையாடினீர்களா என்றேன். அப்பா வயசு மனுஷன், தலையைக் குனிந்து நின்றார்.

அதற்கப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. சுற்றிக்கொண்டு வேறு ரோட்டில் போவேன். ஐந்து மாசம்.

அம்மாவுக்காகக் கோபப்பட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். நானும் அந்தச் சொல்லை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் காலையில் வாசலில் அந்த இன்ஜின் சத்தம் கேட்கும் என்று... நானும்தான்.

காரை விற்கவில்லை. அழித்த விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அம்மா ஃபேஸ்புக்கில் இல்லை. இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் யாராவது அவரிடம் உளறினால், அப்புறம் என் முகத்தில் முழிக்காதீர்கள்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பாய் இறந்ததை மட்டும் சொன்னேன். அம்மா எழுந்து வாசலுக்குப் போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு கேட்டார். "அவரு போயிட்டாருன்னா, பிரபுகிட்ட இருக்குற சாவி வேலை செய்யாமப் போயிருமாடி?"

"அதெல்லாம் செய்யும்மா" என்றேன்.

பாய்... நடுவில் ரெண்டு தடவை போன் பண்ணினீர்கள். பார்த்துக்கொண்டேதான் எடுக்காமல் விட்டேன். மன்னிச்சிருங்க பாய். போய்வாங்க.