எதிர் நடைபாதைக் காற்று

பேருந்து உறுமிப் புறப்படும் நேரம் பார்த்து, நடைபாதையில் மண்டியிட்டபடி சோப்புத் தண்ணீரில் வளையத்தை முக்கிக் குமிழி ஊதுகிறார் ஓர் அம்மா. வயது ஐம்பத்தெட்டு. கழுத்தில் மாநகராட்சி அடையாள அட்டை. போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரிக்கிறார்கள். அவர் அடுத்த வளையத்தை முக்குகிறார்.

தெருக்காற்றை அளப்பது அவர் வேலை. சோப்புக்காரம்மா என்று பெயர் வைத்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர். "இந்த வயசுல என்னம்மா விளையாட்டு?" என்று கேட்ட பாவத்துக்கு, அவரை இந்த அம்மா கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். இரு பக்கமும் நெருக்கமாக ஆறு மாடிக் கட்டடங்கள். மேலே ஏறிய குமிழிகள் கூரையைத் தாண்டவில்லை. எதிர்ச் சுவரோரமாக இறங்கி, சாலையைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்தன.

"பாத்தீங்களா? பஸ் விட்ட புகை எங்கயும் போகல. சுத்திச் சுத்தி இந்தப் பக்கமே வந்து குந்திக்குது. அந்தப் பக்கம் நல்ல காத்து, இந்தப் பக்கம் நஞ்சு. நடுவுல முப்பதடி கூட இல்ல."

இந்தப் பக்கத்தில்தான் மழலையர் பள்ளியின் வாசல் இருக்கிறது.

காற்றிலுள்ள மாசை அளக்கும் பெட்டி மட்டும் பத்து வருடமாக எதிர்ப்பக்கம் நின்றது. நிழலும் மின்கம்பமும் இருக்கிறதே என்று யாரோ அங்கே வைத்துவிட்டார்கள்; எண்களும் சமர்த்தாக, குறைவாகவே வந்தன. போன மாதம் இவர் பெட்டியைப் பெயர்த்துப் பள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார். காற்றை உறிஞ்சும் குழாயையும் தன் இடுப்புயரத்துக்கு இறக்கிக் கட்டினார். "பிள்ளைங்க மூக்கு என்ன மொட்டை மாடியிலயா இருக்கு?" எண் மூன்று மடங்கு எகிறியது. அது அறிக்கையில் ஏறினால் பேருந்துகளை வேறு வழியில் திருப்பியே ஆகவேண்டும்.

வீட்டுக்காரர் தையல்காரர். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் உன் கதை" என்று ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்.

"யாருக்கும் சங்கு ஊதற நிலைமை வரக்கூடாதுன்னுதான் நான் இப்பவே ஊதறேன்."

நேற்று மேலதிகாரியே நேரில் வந்துவிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். "கருவி கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. பெட்டி பழைய இடத்துக்கே போயிடும். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு, எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?" மூடியைக் கழற்றிப் பேனாவை அவரே நீட்டினார்.

சோப்புக்காரம்மாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. வேலை போனால் தையல் மெஷின் ஒன்றுதான் சோறு போடவேண்டும். பள்ளிச் சுவருக்குள்ளிருந்து ஒரு பிள்ளை இருமியது, நிறுத்தாமல் இருமியது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கருவி நல்லாத்தான் இருக்கு சார். உங்களுக்கு இங்க நிக்க முடியலன்னா அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

பேனாவை வாங்கினார். மூடியை நிதானமாகப் பொருத்தி அழுத்தி, மேலதிகாரியின் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார்.