அம்மா நேர்ந்துகொண்ட என் முதுகு

பிரிக்பீல்ட்ஸ் சந்தையில் கீரை வாங்கும்போதுதான் எனக்கு அது முதலில் உறைத்தது. சீனக் கிழவி சொன்ன விலையை அம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். எப்போதும் அப்படித்தான்; மனுசரிடம் பேரம் பேச அவளுக்குக் கூச்சம். அதே அம்மாதான் அன்று காலை முருகன் படத்துக்கு முன்னால் கறாராகப் பேசிக்கொண்டிருந்தாள்: "பெரியவன் காய்ச்சல எறக்கிவிடு. சின்னவன் பத்துமலைக்குக் காவடி எடுப்பான், முதுகுல கொக்கி குத்தி."

சின்னவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

"முதுகு என்னோடதும்மா," என்றேன் வழியில்.

"பெத்தவ நான்," என்றாள். பேச்சு முடிந்தது.

அண்ணனுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. கிள்ளானுக்குப் போகும் பாதையில் சதுப்புநிலத்தில் வேலை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து விட்டுவிட்டுக் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரஸர் குளிர்காய்ச்சலுக்கென்று கொடுத்த கொயினா மாத்திரையும் விழுங்கினான், அம்மாவின் வேண்டுதலும் நடந்தது. காய்ச்சல் இறங்கியது. தைப்பூசத்தன்று காவடி எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, மலையேறும்போது மனசில் என்னவோ நிறைந்தது. கேட்டதெல்லாம் அம்மா, எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் படிகளில் எனக்கும் சாமிக்கும் நடுவில் யாரும் இல்லை.

முதுகுப் புண் காய்ந்து உதிர்வதற்குள் அண்ணனுக்கு மறுபடியும் குளிர் வந்துவிட்டது.

"எங்கியோ கொறை வெச்சுட்டோம்," என்றாள் அம்மா. விரதத்தில் நான் டீ குடித்தேனா என்று விசாரித்தாள். குடிக்கவில்லை. பிறகு அவளே கண்டுபிடித்தாள்: வேண்டுதலும் வைத்து மாத்திரையும் கொடுத்ததுதான் குறையாம். "ரெண்டு பக்கமும் கை நீட்டுனா சாமி கோவிச்சுக்காதா? இந்தத் தடவ மருந்து வேணாம். வர்ற பூசத்துக்கும் நீயே எடு."

மாத்திரைப் புட்டி அரிசிப் பானைக்குள் போய்விட்டது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. மருந்து கூடாதென்று முருகன் எப்போது சொன்னான்? பேரம் என்று உட்கார்ந்துவிட்டால் நம் நிபந்தனையோடு நிற்பதில்லை. சாமி கேட்காததையும் அவர் சார்பில் நாமே சேர்த்துவிடுகிறோம். அதற்குத்தான் பேரமே கூடாது என்கிறேன். அழலாம், கேட்கலாம், சும்மா போய் நிற்கலாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "படிச்ச திமிரு," என்றாள்.

இன்று காலை அண்ணன் போர்வைக்குள் பல் கிட்டிக்கக் கிடந்தான். கண்ணெல்லாம் மஞ்சள். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனதால் அவனுக்கு நான் தொரை. "டேய் தொரை, இன்னும் முதுகுல எடமிருக்காடா?"

"நெறைய இருக்குண்ணே."

"இன்னும் குளிர் தாங்க எனக்குத்தான்டா எடமில்ல," என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

புட்டியைத் திருடிக் கொடுக்கலாம். ஆனால் காய்ச்சலில் விழுந்துவிட்டால் அம்மா ஊட்டாமல் அவன் எதையும் விழுங்குவதில்லை. அவளுக்குத் தெரியாமல் மாத்திரை தொண்டையில் இறங்காது. எனவே சாமியோடு கூடாது என்றதை அம்மாவோடு செய்யப் போகிறேன். மனுசர் சொல்லும் விலையைத்தான் அவள் மறுக்க மாட்டாளே. சாயங்காலம் அடுப்பு மூட்ட அவள் எழுந்ததும் போய் நிற்பேன்: வருகிற பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், அதற்கடுத்ததற்கும் எடுக்கிறேன், சாமியிடம் எதையும் கேட்காமல். நீ பானைக்குள் கையை விடு, அம்மா.