ரோட்டில் போட்ட ராகி

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்காரரோடு வாதாடி ஜெயித்த பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் அக்கா ஜெயித்தார். ஆனால் அந்த ஜெயத்தின் மேலேயே ஒரு பஸ் ஏறி இறங்கியது. நானும் அதே பஸ்ஸில்தான் இருந்தேன்.

அக்காவின் கணவர் வெங்கடாசலம் தக்காளிப் பைத்தியம். விலை ஏறினால் ஊரே தனக்குச் சொந்தம் என்பதுபோல் நடப்பார். விழுந்தால், பறிக்காமல் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டார். ராகி என்றால் அவருக்கு வீட்டுக் களிக்கு, காட்டோரத்தில் கொஞ்சம்.

"வடக்க கோதுமைய கவர்மெண்டே வாங்குது, அதனால போடறாங்க. நம்ம ராகிய எவன் வாங்குவான்?" என்பார். நியாயமான கேள்விதான். வாங்க ஆள் இல்லாததை யார் மெனக்கெட்டு விதைப்பார்கள்?

பிறகு ரேஷனில் கொடுப்பதற்காக அரசே ராகியை வாங்க ஆரம்பித்தது. தக்காளி கிடந்த காடுகள் ஒவ்வொன்றாக ராகிக்கு மாறின. அக்காவும் பிடிவாதமாக நின்று கிணற்றடி நிலம் முழுக்க ராகி போட வைத்தார்.

"இந்த ஒரு போகம் வுடறேன். கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, அப்பறம் ராகின்னு வாயே தொறக்கக் கூடாது" என்று வெங்கடாசலம் கறாராகச் சொல்லிவிட்டார்.

விளைச்சல் நன்றாகவே வந்தது. கதிரை அறுத்துக் குவித்துவிட்டு, அக்கா கம்பைநல்லூரில் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். திரும்பும்போது, ஊர் வருவதற்குச் சற்று முன்னால் பஸ் மெத்தென்று எதன் மேலோ ஏறியது. எட்டிப் பார்த்தால் ரோடு நெடுக ராகிக் கதிர். ஓரத்தில் தலையில் துண்டோடு வெங்கடாசலம், நன்றாக ஏற்றி ஓட்டும்படி டிரைவருக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். கதிரை ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்து மணியைப் பிரித்துக் கொடுத்துவிடும். பொடிக்கல் கலக்கும். வீட்டுக்கு என்றால் அரித்துக்கொள்ளலாம். கொள்முதல் நிலையத்தில் கல்லைப் பார்த்தால் மூட்டையைத் தொடமாட்டார்கள்.

அக்கா பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? கல்லு கலந்தா வாங்க மாட்டாங்களே!"

வெங்கடாசலத்தின் கை அந்தரத்திலேயே நின்றது. "நீ வர்றதுக்குள்ள அடிச்சி முடிச்சிடலாம்னு பாத்தேன் புள்ள. ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்..."

ராகியைக் கெடுக்கத்தான் இந்த வேலை என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி நின்றார். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டில் கிடந்த கதிரை வார ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்று தோன்றியது.

நல்லவேளை, பாதிக் குவியல் இன்னும் காட்டிலேயே இருந்தது. அக்கா களத்தைச் சாணி போட்டு மெழுகிக் காயவிட்டு, அதை அங்கேயே அடித்துத் தூற்றினார். கொள்முதல் நிலையத்தில் ஒருவர் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சலித்தார், உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுத்தமா இருக்குதுங்க. எறக்குங்க" என்றார்.

அக்கா அங்கேயே அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, அதில் என்ன வெட்கம்?

ரோட்டில் அடித்த ராகி வீட்டுக்கு என்று ஆனது. அன்று சாயங்காலமே களி, எனக்கும் அங்கேதான் சாப்பாடு. எவ்வளவு அரித்தாலும் பொடிக்கல் முழுதாகப் போகுமா? களியை மெல்லாமல்தான் விழுங்குவோம், இருந்தும் வெங்கடாசலத்தின் பல்லில் நறுக்கென்று மாட்டிய சத்தம் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் துப்பவில்லை. தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டுச் சொன்னார்: "வர்ற ஆடிக்கு தக்காளிக் காட்டுலயும் ராகியே போட்டுடலாம். களம் நானே மெழுகறேன். நீ மட்டும் எந்தக் கல்யாணத்துக்கும் போயிடாத."