செசிலி வளர்த்த எருக்கு

மொனராகலையில் மகள் ரொஷானியின் வேலியோரத்து எருக்கஞ்செடியில் பச்சை மணிபோல ஒரு புழுக்கூடு தொங்கியது. இன்றோ நாளையோ பிளந்துவிடும் என்றாள் மகள். அதற்குள் பதுளை பஸ் வந்துவிட்டது. உள்ளிருந்து எது, எப்படி வெளியே வரும் என்று தெரியாமலேயே செசிலி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினாள். கொழுந்தெடுத்த காலமெல்லாம் புழுவைக் கண்ட இடத்தில் நசுக்கியவள். அதன் மிச்சக் கதை அவளுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்பட்டது.

அடுத்த தடவை மகள் வீட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வந்த எருக்கு, ஆணிவேர் அறுந்ததில் வாடிச் செத்தது. பிறகு முற்றிய காயிலிருந்து விதை எடுத்து, தேயிலைக் கன்றுக்குச் செய்வதுபோலப் பொலித்தீன் பைகளில் முளைக்க வைத்தாள். ஒரு சாண் வளர்ந்ததும் பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் லயத்து வீட்டு வாசலில் நட்டாள்.

கணவர் ஞானசீலன் மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். வாசலில் எருக்கு நின்றால் குடும்பம் பாழாகும் என்பதிலும் அவருக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. அது பைபிளில் எந்தப் பக்கம் என்று செசிலி கேட்டாள். அவர் தேடவில்லை.

செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. இளம் இலைகளுக்கடியில் முட்டை வைத்துவிட்டுப் போயின. புழுதான் வரவில்லை. எறும்பு தின்றதா, மழை கழுவியதா, மனுஷன் களவாக மருந்தடித்துவிட்டாரா என்று செசிலி குழம்பினாள்.

சந்தேகத்துக்கு ஆளானவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒருநாள் செசிலி பக்கத்து வீட்டு லக்ஷிகாவோடு செடியருகே நின்று பேசிக்கொண்டிருந்தாள். வாய் பேச, விரல்கள் தம்பாட்டுக்கு எருக்கின் குருத்தைக் கிள்ளி, தோளுக்கு மேலே, முதுகில் இல்லாத கூடைக்குள் வீசிக்கொண்டிருந்தன.

“எந்தக் கங்காணி ஒன்னய வேலைக்கு எறக்குனது?” என்றார் ஞானசீலன். “முட்டய எல்லாம் நீதானே கிள்ளிப் போடுற.”

செசிலி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன்பின் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் செடிப்பக்கம் போவாள்.

வரிப்புழு ஒன்று வந்தது. செடியைப் பாதி மொட்டையடித்துவிட்டுத் தலைகீழாகத் தொங்கிக் கூடானது. கூடு கறுத்து, உள்ளே செம்மஞ்சள் தெரிந்த காலை, ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. பூசைக்கு நேரமாகிறது என்று ஞானசீலன் கூப்பிட்டார்.

“நீங்க போங்க. நான் இதப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்.”

அவர் வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் குந்தினார். கூடு பிளந்தது. பிழிந்த துணிபோலச் சுருங்கிய ஏதோ ஒன்று, வயிறு மட்டும் பெருத்து, வெற்றுக்கூட்டைப் பற்றிக்கொண்டு தொங்கியது.

“இம்புட்டுத்தானா?” என்றார் அவர்.

“பேசாம இருங்க.”

ஒரு சிறகு விரியத் தொடங்கியிருந்தது.